நைனாவோட டீக்கடை பெஞ்சும் ஒரு ஒடஞ்ச ஆணியும்

எங்க வீட்டு மொட்ட மாடியில ஒம்பது வருஷமா ஒரு பெஞ்ச் கெடந்துச்சு. ஆறரை அடி நீளம், ரெண்டு பலகை, நாலு காலு, அதுல ஒன்னு ஆடும். நைனாவோட டீக்கடை பெஞ்ச். 2016-ல கடைய மூடுனப்போ பாய்லர ஒருத்தர் வாங்கிகினு போயிட்டார், கிளாஸு, பன்னு பாட்டிலு எல்லாம் பக்கத்து கடைக்கு போச்சு, இந்த பெஞ்ச மட்டும் நைனா யாருக்கும் குடுக்கல, ஏன்னும் சொல்லல, தட்டு வண்டியில ஏத்தி வீட்டுக்கு கொண்டாந்து மாடியில போட்டுட்டார். அம்மா அது மேல வத்தல் காயப்போடும், நைட்டு கரண்ட் போனா நான் போய் படுப்பேன், அவ்ளோதான் அதுக்கு வேலை.

அந்த பெஞ்சுதான் இப்போ எங்க ஹால்ல கேரம் டேபிளா நிக்குது. செஞ்சது நான். நான் ஆசாரி கெடையாது. ராணிப்பேட்டையில ஒரு ஷூ கம்பெனியில குவாலிட்டி செக்கிங். தோலு தடிமன் 1.2 மில்லியா 1.4 மில்லியான்னு கேஜ் வச்சி பாக்கறதுதான் பொழப்பு. (2019-ல வேலூர மூணா பிரிச்சதுல இருந்து நான் டெய்லி வேற மாவட்டத்துக்கு வேலைக்கு போய் வர்றேன்னு சொல்லிக்கலாம், பஸ்ஸு என்னவோ அதே பஸ்ஸுதான்.) மரத்த பத்தி எனக்கு தெரிஞ்சது எல்லாம் அது தண்ணியில மெதக்கும்ங்கறது வரைக்கும்தான்.

மொதல்ல கடைய பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், இல்லன்னா இது எதுக்குன்னே புரியாது. சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்து சந்து ஒன்னுல இருந்துச்சு. வேலூர்காரங்களுக்கு சொல்ல வேணாம், வெளியூர்காரங்களுக்காக சொல்றேன், 1900-ல ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, இன்னிக்கு அத சுத்தி இருக்கற எந்த லாட்ஜுக்குள்ள நுழைஞ்சாலும் பெங்காலிதான் காதுல விழும், கடை போர்டுலயே பெங்காலி எழுத்து இருக்கும், மெஸ்ஸுல கடுகெண்ணெய் வாசனை வரும். கூட வந்தவங்க ரிப்போர்ட்டுக்கு காத்துகினு இருக்கணும். ஒரு வாரம், சில பேரு ஒரு மாசம். அவங்களுக்கு வேற இன்னா வேலை? நைனா கடைக்கு பின்னாடி டிரம்மு மேல ஒரு கேரம் போர்டு, மேல ஒரு நூறு வாட்ஸ் பல்பு, அதுக்கு அட்டையில மடிச்ச ஒரு கூம்பு. நைனாவுக்கு பெங்காலி தெரியாது. "தாதா, ஏக்டா சா" (அண்ணா, ஒரு டீ) வரைக்கும் புரியும், மீதியெல்லாம் கேரம்தான். ஒரு வார்த்தை பேசிக்காம நாலு மணி நேரம் ஆடுவாங்க. ஆடுறவங்க நின்னுகினு ஆடுவாங்க, பாக்கறவங்க எல்லாம் அந்த பெஞ்சு மேல.

2024 கடைசியில காசிமான்னு சென்னை பொண்ணு ஒன்னு அமெரிக்கா போயி கேரம் உலகக் கோப்பையில 3 தங்கம் வாங்கிகினு வந்துச்சு இல்ல, அத டிவியில காட்டுனாங்க, ஆட்டோ ஓட்டறவரோட பொண்ணுன்னு சொன்னாங்க. நைனா சாப்புட்டுகினு இருந்த தட்ட அப்படியே வச்சிட்டு பாத்தார். அப்பால ஆரம்பிச்சார். "கேரம் சாம்பியன் மரிய இருதயத்துக்கு 1996-ல அர்ஜுனா அவார்டு குடுத்தாங்களே, அன்னிக்கு நம்ம கடையில எல்லாருக்கும் டீ ஃப்ரீ, உனக்கு நெனப்பு கீதா?" எனக்கு நெனப்பு இல்ல. அம்மாவுக்கு இருந்துச்சு, ஏன்னா அன்னிக்கு பாலு கடனா வாங்குனது அதுதானாம்.

"ஒரு போர்டு வாங்கிடலாமா நைனா?"

"வாங்கி எங்க வச்சி ஆடறது? கீழ ஒக்கார முட்டி எங்க வுடுது."

அப்போ ஸ்டேண்டோட வாங்கலாம்னு கடைக்கு இஸ்துகினு போனேன். நைனா ஒவ்வொரு போர்டா வெரலால தட்டி பாத்து ஒதட்ட பிதுக்கிட்டார், எல்லாம் லேசா கீது, கட்டை புஸுபுஸுன்னு கீது, அடிச்சா திரும்பி வராது. கடைக்காரர் ஒரு மாதிரி பாக்கறார். வண்டியில திரும்பி வரும்போது பின்னாடி ஒக்காந்துகினு அவரே சொன்னார், "அந்த பெஞ்ச எடுத்து ஏதாவது பண்ணேன், வேம்பு, நம்ம அணைக்கட்டு நெலத்து மரம், ரெண்டா பிரிச்சாங்களே வட ஆற்காட்ட, அந்த வருஷம் அறுத்தது." அதாவது 1989. நைனா காலண்டர் இப்படித்தான், எந்த தேதியும் மாவட்டத்த வச்சிதான் சொல்வார்.

கேரம் போர்டுக்கு சட்டபூர்வமா அளவு இருக்குன்னே எனக்கு அப்போதான் தெரியும். நம்ம வீட்ல தெருவுல ஆடுனதெல்லாம் வாங்குனவன் குடுத்ததுதானே. 1988-ல ஆரம்பிச்ச இன்டர்நேஷனல் கேரம் ஃபெடரேஷன் ஒரு விதி புக்கே வச்சிருக்காங்க. ஆடற எடம் 73.5-ல இருந்து 74 சென்டிமீட்டர் சதுரம், நம்ம கணக்குல 29 இன்ச். சுத்தி இருக்கற கட்டை 6.35-ல இருந்து 7.6 சென்டி அகலம், அது ப்ளைவுட்ட வுட்டு 1.9-ல இருந்து 2.54 சென்டி ஒசரம் நிக்கணும். ப்ளைவுட் 8 மில்லிக்கு கொறைய கூடாது. பாக்கெட் 4.45 சென்டி. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல போக கூடாது. இத எல்லாத்தையும் விட எனக்கு புடிச்சது ஒன்னு இருக்கு, நல்ல போர்டுல ஸ்ட்ரைக்கர பலமா அடிச்சா அது இந்த கட்டைக்கும் அந்த கட்டைக்கும் மூன்றரை தடவை போய் வரணுமாம். கேஜ் வச்சி பாக்கறவன் நான், இந்த மாதிரி ஒரு டெஸ்ட கேட்டதுமே எனக்கு கை பரபரன்னு ஆயிடுச்சி.

இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிகினு எங்க தெரு முனையில பட்டறை வச்சிருக்கற ஆசாரி அண்ணாகிட்ட போனேன். அவரு பேப்பர வாங்கி பாத்துட்டு திருப்பி குடுத்துட்டார். "சென்டி எல்லாம் எனக்கு வேணா தம்பி, நூல்ல சொல்லு." ஒரு இன்ச்சுக்கு எட்டு நூலு. அப்போ கட்டை ஒசரம் 7 நூலு வச்சிக்கலாம், 2.2 சென்டி வருது, சரியா நடுவுல. பாக்கெட் ஒன்னே முக்கால் இன்ச், அதுல பாதியும் 7 நூலு. அதனால பாக்கெட்டு செண்டரு ரெண்டு கட்டையில இருந்தும் 7 நூலு தள்ளி. ரெண்டும் ஒரே அளவா வந்ததுல எனக்கு ஏதோ நல்ல சகுனம் மாதிரி ஒரு சந்தோஷம். இருந்து இன்னா பிரயோஜனம், அப்பால வருது பாருங்க.

மே மாசம். வேலூர் மே மாசம்னா தெரியும், 42 டிகிரி எல்லாம் எங்களுக்கு சாதாரணம். காலையில ஆறுல இருந்து எட்டு வரைக்கும்தான் மாடியில வேலை, அதுக்கு மேல தரை கால சுடும். பெஞ்ச பிரிச்சேன். ஒரு ஆணிய புடுங்கறதுக்குள்ள தாவு தீந்துடுச்சி, முப்பத்தஞ்சு வருஷத்து ஆணி, துரு புடிச்சி மரத்தோட மரமா ஒட்டிகினு கெடக்கு. மொத்தம் பன்னெண்டுல பதினொன்னு முழுசா வந்துச்சி. பன்னெண்டாவது தலை மட்டும் கையோட வந்துச்சி. சரி உள்ள துண்டு கெடந்தா கெடக்கட்டும்னு வுட்டேன். எந்த எடம்னு பென்சில்ல ஒரு மார்க் கூட போடல.

பலகைய மூணு இன்ச் அகலத்துக்கு கிழிக்கணும். சா மில்லுக்கு தூக்கிகினு போனா, பழைய மரம்னு பாத்த ஒடனே கையெடுத்து கும்புட்டுட்டாங்க, ஆணி மாட்டுனா பிளேடு போயிடும்னு. ஆசாரி அண்ணாதான் அவரு மெஷின்ல கிழிச்சி குடுத்தார். மூணு துண்டு. மூணாவது நெடுக வெடிச்சி இருந்துச்சி, அது ஆவாது. மீதி ரெண்டு துண்டுதான். ஒவ்வொன்னும் 78 இன்ச், ஒன்னுல ரெண்டு முப்பத்தஞ்சு இன்ச் கட்டை எடுக்கணும், அதாவது 70 போவ மிச்சம் 8 இன்ச், அதுலயும் நுனி ரெண்டு பக்கமும் உளுத்து இருந்துச்சி. தப்பு பண்ண எடமே இல்ல.

மரம் சீவற கைப் பிளேனரையும் ஆசாரி அண்ணாவே கடன் குடுத்தார். மேல கருப்பா எண்ணெய் புடிச்சி, டீ கறை, பீடி சுட்ட தழும்பு எல்லாம் இருந்துச்சி, ஒரு ஓட்டு ஓட்டுனதும் உள்ள செவப்பா, இப்பதான் வெட்டுன மரம் மாதிரி வாசனை வருது. அந்த தூளு ஒதட்டுல பட்டா கசப்பு, அன்னிக்கு குடிச்ச காபி கூட கசந்துச்சி. வேம்புல ஒரு தொல்லை இருக்கு, நாரு ஒரே பக்கமா ஓடாது, அரை அடிக்கு இப்படி போவும், அப்பால அப்படியே திரும்பிக்கும், ஒரு பக்கம் வெண்ணெய் மாதிரி சீவுன அதே பிளேனர் அடுத்த ஜான்ல புட்டு புட்டா பேத்து எடுக்கும். கொஞ்சமா வச்சி கொஞ்சமா வச்சி ஓட்டுன்னு சொல்லி இருந்தார். ஓட்டிகினே இருந்தேன். "டக்"னு ஒரு சத்தம், ஒரு பொறி, அதுக்கு மேல பிளேனர் போன எடமெல்லாம் ஒரு கோடு விழுது.

பன்னெண்டாவது ஆணி.

பிளேனர தூக்கிகினு பட்டறைக்கு போனேன். அவரு திட்டல. பிளேட கழட்டி வெளிச்சத்துல புடிச்சி, அந்த பல்லு போன எடத்த நகத்தால தடவி பாத்தார்.

"பழைய மரத்துல ஆணி இல்லாம இருக்குமா தம்பி? காந்தம் வச்சி பாத்தியா?"

"இல்லண்ணா."

"ஸ்பீக்கர்ல இருக்கற காந்தம் போதும், ஒரு நூலுல கட்டி மேலயே வுட்டு இழுத்துகினு போனா நின்ன எடத்துல ஆணி. நான் கிழிக்கறதுக்கு முன்னாடி அப்படித்தான் பாத்தேன், என் கோட்டுல இல்ல, அதனால வுட்டுட்டேன். உன் கோட்டுல இருந்தது உன்னுது."

புது பிளேடு ஜோடிக்கு காசு குடுத்துட்டு வந்தேன். ஆணி துண்ட எடுக்க சுத்தி பர்மா போட்டு கொடைஞ்சி, கட்டிங் பிளேயர்ல புடிச்சி இழுத்ததுல, கட்டையோட ஒரு ஓரத்துல கட்டை வெரலு நுழையற அளவுக்கு ஒரு பள்ளம். மரத்தூளையும் ஃபெவிகாலையும் கொழச்சி அடைச்சேன், காஞ்சதும் உப்புத்தாள் போட்டேன், பாக்க நல்லாத்தான் இருந்துச்சி. எப்படியும் அந்த ஓரத்த வெளிப்பக்கமா வச்சிட்டா கேமுக்கு ஒன்னும் ஆவாது, ஸ்ட்ரைக்கர் படறது உள்பக்கம் மட்டும்தானே. கட்டை மேல பெருசா "வெளி"ன்னு எழுதியும் வச்சேன்.

இப்போ மூலை. நாலு மூலையிலயும் 45 டிகிரிக்கு அறுத்து சேக்கணும், மொத்தம் எட்டு அறுப்பு. ஒவ்வொன்னுலயும் அரை டிகிரி தப்பு பண்ணா கடைசி மூலைக்கு வரும்போது 4 டிகிரி சேந்துக்கும், மூணு இன்ச் அகல கட்டையில அது கால் இன்ச்சுக்கு மேல ஒரு வாய். அரை டிகிரிய கண்ணால எவனாலயும் பாக்க முடியாது, ஆனா எட்டு அரை சேந்தா தெருவுல போறவனுக்கும் தெரியும். மூலமட்டம் வச்சி, வச்சி பாத்து, நாலு நாள் காலை இதுக்கே போச்சி. ஆறு அறுப்பு பிரமாதம். ஏழாவதுக்கு முன்னாடி கட்டைய திருப்பி வச்சேன், ஏன் திருப்புனேன்னு இன்னி வரைக்கும் தெரியல, பொண்ணு கீழ இருந்து இட்லிக்கு கூப்புட்டுச்சி, அந்த கவனம்னு நானே சொல்லிக்கறேன். அறுத்து முடிச்சி நாலையும் தரையில சேத்து வச்சி பாத்தா, நல்லா சேருது, "வெளி"ங்கற எழுத்து மட்டும் உள்பக்கம் பாத்துகினு இருக்கு.

மிச்ச மரம் இல்லைன்னு மேல சொன்னேன் இல்ல.

அம்மாதான் மாடிக்கு வந்து பாத்துச்சி. "இன்னாடா ஆச்சி?"ன்னுது. சொன்னேன். "நைனாவுக்கு சொல்லாத"ன்னேன். "அவருக்கு தெரியாமயா இருக்கும்"னு சொல்லிட்டு வத்தல் தட்ட எடுத்துகினு போயிடுச்சி.

ப்ளைவுட் கதை சின்னது. ஆற்காடு ரோட்டுல ஒரு கடையில 12 மில்லி, எட்டுக்கு நாலு ஷீட்டு, முழுசாத்தான் குடுப்பேன்னாங்க, சரின்னு வாங்கி முப்பத்தஞ்சு இன்ச்சு சதுரமா ரெண்டு போட்டுக்கினேன், ஒன்னு போர்டுக்கு, ஒன்னு மூடிக்கு. ப்ளைவுட் வாங்கப் போறவங்களுக்கு ஒன்னு, மேல அழக பாக்காதீங்க, வெரல் முட்டியால ஷீட்டு பூரா தட்டிகினே வாங்க, உள்ள அடுக்குல கேப் இருந்தா அந்த எடம் மட்டும் டொப்புன்னு கேக்கும். மூணாவது ஷீட்டுதான் எனக்கு ஒத்து வந்துச்சி. கட்டைய ஒட்டி, அடியில இருந்து ஸ்குரூ போட்டு, மூலைக்கு மூலை டேப்பு புடிச்சேன். 29 இன்ச்சு சதுரத்துக்கு 41 இன்ச்சு வரணும். ஒரு பக்கம் 41, இன்னொரு பக்கம் 41-ம் அரை நூலும். அரை நூல நான் மன்னிச்சி வுட்டேன். ஃபெவிகால் காயறதுக்கு முன்னாடி கயித்த சுத்தி, நடுவுல குச்சி வுட்டு முறுக்கி இறுக்குனதுதான் கிளாம்ப்பு. பாக்கெட்டு ஓட்டைக்கு 44 மில்லி ஹோல்சா கெடைச்சிது, அதுவும் ஒரே பக்கமா போட்டா அடி கிழியும்னு பாதி மேல இருந்தும் பாதி கீழ இருந்தும் போட்டேன்.

கோடு போட்டதுதான் ரெண்டாவது கூத்து. அளவெல்லாம் கரெக்ட்டு, கட்டையில இருந்து 10.15 சென்டி தள்ளி 47 சென்டி நீளத்துக்கு ரெட்டை கோடு, ரெண்டு முனையிலயும் 3.18 சென்டியில வட்டம், அதுக்குள்ள செவப்பு, நடுவுல 17 சென்டி பெரிய வட்டம். பர்மனென்ட் மார்க்கர்ல போட்டேன், பர்மனென்ட்னு பேர்லயே இருக்கேன்னு. அழகா வந்துச்சி. பொண்ணு போட்டோ எல்லாம் எடுத்துச்சி. அது மேல சீலர் அடிச்சேன் பாருங்க, பிரஷ்ஷு போன எடமெல்லாம் கருப்பு கூடவே போவுது, கோடு எல்லாம் வாலு மொளச்ச மாதிரி இழுத்துகினு, கண்மை அழிஞ்ச மூஞ்சி மாதிரி. சீலர்ல இருக்கற தின்னர் அந்த மையையே கரைச்சிடும்னு ஒரு சின்ன புள்ளி போட்டு பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும், நாங்க கம்பெனியில ஒவ்வொரு கலருக்கும் தோல் துண்டுல தேச்சி பாத்துட்டுதான் பாஸ் பண்றோம், வீட்ல எனக்கு அந்த புத்தி வரல.

ரெண்டு நாள் உப்புத்தாள். மேல் அடுக்கு தேஞ்சிடுமோன்னு உசுர கையில புடிச்சிகினு தேச்சேன். எங்க தெருவுலயே ஒரு ஆர்ட்டிஸ்ட் இருக்கார், சுவத்துல, போர்டுல எழுதிகினு இருந்தவர், பிளக்ஸ் வந்து அவர் வேலைய முடிச்சி வச்சிடுச்சி. அவர்கிட்ட கேட்டேன். இந்தியன் இங்க்கும், அந்த காலத்து ரூலிங் பென்னும் எடுத்துகினு வந்தார். அந்த பேனா ஒரு சிமிட்டா மாதிரி, ரெண்டு இரும்பு நாக்கு, நடுவுல மை, பக்கத்துல ஒரு திருகு, அத திருகுனா கோடு தடிமன் மாறும். மைய நாக்குக்கு நடுவுல ஒரு சொட்டு வுட்டு, வெளிப்பக்கத்த துணியால தொடச்சி, ஒரு பழைய பேப்பர்ல ஒரு கோடு இழுத்து பாத்து, அப்பால மூச்ச புடிச்சிகினு ஒரே இழுப்பு. பாதியில நிக்கவே இல்ல. முடிக்கும்போது வயிறு ஒட்டி இருந்தது அவருக்கு. வட்டத்துக்கு காம்பஸ்ல அதே மாதிரி முனை. மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டு, காசு குடுத்தா வாங்கல, "ரெண்டு கேம் வுடு போதும்"னார். அந்த மை மேல சீலர் அடிச்சா அசையவே இல்ல.

சீலரும் இந்த ஊரு வெயிலுக்கு ஒரு பாடு, பத்து மணிக்கு அடிச்சா பிரஷ்ஷ எடுக்கறதுக்குள்ள காஞ்சி வரி வரியா நிக்கும். அதனால அதையும் விடியகாலையில மாத்திக்கினேன். நாலு கோட்டு. ஒவ்வொரு கோட்டுக்கு நடுவுலயும் நைஸ் பேப்பர்.

காலுக்கு பழைய கதவு ஜன்னல் விக்கற கடையில ரெண்டரை இன்ச் சட்டம் வாங்குனேன். இந்த தடவை காந்தம் வச்சி பாத்தேன், கடைக்காரர் சிரிச்சார். விதி புக்குல ஸ்டேண்டு 63-ல இருந்து 70 சென்டி ஒசரம், நைனாவுக்காக 66 வச்சேன், அவரு நாற்காலிய போட்டு ஒக்காந்து கைய நீட்டுனா முழங்கை இடிக்காத ஒசரம். பாக்கெட்டுக்கு கீழ வலை போடல. கம்பெனியில கட்டிங் வேஸ்ட் எடைக்கு போடுவாங்க, அதுல ஒரு மெல்லிசான ஆட்டுத் தோலு எடுத்துகினு வந்து நாலு சுருக்குப் பை தச்சேன். இது ஒன்னுதான் இந்த டேபிள்லயே எனக்கு கை வந்த வேலை, அதனால கொஞ்சம் பீத்திக்கறேன், காயின் விழுந்தா சத்தமே வராது, பாட்டி வெத்தலை பையில காசு போட்ட மாதிரி ஒரு "மொத்".

மூடி. அத தூசிக்கு மூடறதுக்குன்னுதான் செஞ்சேன், வீட்டுக்காரிதான் "இவ்ளோ பெரிய பலகைய சும்மா வெக்காதீங்க, புள்ள அது மேல எழுதும் படிக்கும்"னு சொல்லிச்சு. ஆனா அதுக்கு முன்னாடி அம்மா அத தன்னுது ஆக்கிகிச்சி. கோலம் போடறவங்க கை சும்மா இருக்காது. அடிப்பக்கத்துல ஆடு புலி ஆட்டம் வரையணும்னுது. சாக்பீஸ எடுத்து, ஸ்கேல் எல்லாம் இல்ல, உச்சியில ஒரு புள்ளி, அதுல இருந்து நாலு கோடு கீழ, குறுக்க மூணு கோடு ரெண்டு பக்கமும் வெளிய நீட்டி, அடியில ஒரு கோடு நீட்டாம. எண்ணுனா 23 புள்ளி. உச்சி ஒன்னு, மூணு ஆறு பதினெட்டு, அடியில நாலு. புலி 3, ஆடு 15. நைனா பாத்துட்டு "எங்க ஊர்ல பக்கத்துல கோடு இப்படி நீட்ட மாட்டோம்"னார். "உங்க ஊர்ல புலி இருந்தாதானே"ன்னுது அம்மா. அணைக்கட்டுக்கு மேல ஜவ்வாது மலை இருக்குன்னு நைனா ஆரம்பிச்சார், அந்த சண்டை இன்னும் முடியல. ஆட்டுக்கு புளியங்கொட்டை, புலிக்கு மூணு கூழாங்கல்லு. சாதாரணமா எல்லாரும் புலி கேப்பாங்க, அம்மா மட்டும் எப்பவும் ஆடு. பதினஞ்சையும் எறக்கி முடிக்கற வரைக்கும் ஆட்ட நகத்த முடியாது, அது வரைக்கும் பொறுமையா ஓரம் ஓரமா வச்சிகினே வரும், எம் பொண்ணு புலிய வச்சிகினு துள்ளும், அப்பால பாத்தா மூணும் நகர எடமில்லாம நிக்கும்.

டெஸ்ட்டு பண்ண அன்னிக்கு ரசமட்டம் வச்சி, ஒரு காலுக்கு அட்டை மடிச்சி குடுத்து, போரிக் பவுடர் தூவி (சின்ன வயசுல மூஞ்சி பவுடர கொட்டி அடி வாங்குனது நெனப்புக்கு வந்துச்சி), நைனாவ அடிக்க சொன்னேன். பொண்ணு எண்ணுச்சி. ஒன்னு, ரெண்டு, மூணு... நாலாவது பாதி வந்து நடு வட்டத்துல நின்னுச்சி. மூன்றரை. நான் கத்துனதுல பக்கத்து வீட்ல லைட் போட்டாங்க. நைனா ஒன்னும் சொல்லல, ஸ்ட்ரைக்கர எடுத்து வலது பக்க கட்டையில ஒரு அடி, கொஞ்சம் தள்ளி ஒரு அடி, இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு அடி. மூணாவதுல சத்தம் மாறுச்சி. "டங்"குன்னு வர வேண்டியது "டொக்"குன்னு வந்துச்சி, ஸ்ட்ரைக்கர் போன வேகத்துல பாதி கூட திரும்பல. மரத்தூள் அடைச்ச எடம். என்ன பாத்தார். நான் பவுடர் டப்பாவ மூடிகினு இருந்தேன்.

எங்க மாடி போர்ஷன ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்குத்தான் வாடகைக்கு வுடறோம். ஆடி மாசம் மேற்கு வங்காளத்துல ஆசன்சோல் பக்கத்துல இருந்து ஒரு தாதா வந்தார், அறுபத்தஞ்சு வயசு இருக்கும், வீட்டம்மாவுக்கு வைத்தியம், மூணு மாசம் ஆவும்னு சொல்லிட்டாங்க. வாடகை குடுக்க கீழ எறங்கி வந்தவர் டேபிள பாத்துட்டு வாசல்லயே நின்னுட்டார். நைனா நாற்காலிய இழுத்து போட்டார். ரெண்டு பேரும் ஒக்காந்தாங்க. காயின அடுக்கறதுலயே தெரிஞ்சிடும் இல்ல, அவரு வெரலு வெள்ளை கருப்பு மாத்தி மாத்தி வச்சிகினு போன வேகத்த பாத்ததும் நைனா நிமிந்து ஒக்காந்தார்.

நாலாவது ஷாட்டு. தாதா வலது கட்டையில ரீபவுண்டு அடிச்சார், செத்தாப்ல வந்துச்சி. இன்னொரு தடவை அதே எடம், அதே கதை. அவரு ஆட்டத்த நிறுத்திட்டு, கட்டை மேல வெரல வச்சி மெதுவா தடவிகினே போனார், கண்ண மூடிகினு, கரெக்ட்டா அந்த எடத்துல நின்னார். மேல சீலர் அடிச்சி பளபளன்னு ஒன்னுமே தெரியாது அங்க. "எகானே"ன்னார். அப்பால, "மோரே கேச்சே".

எனக்கு புரியல. நைனாவுக்கு புரிஞ்சிது. "இங்க செத்து போச்சின்னு சொல்றார்"னார்.

"ஏக்டா சா மட்டும்தானே நைனா உனக்கு தெரியும்?"

"ஆஸ்பத்திரி வாசல்ல இருவத்தஞ்சி வருஷம் கடை வச்சிகினு இருந்தேன்டா. அந்த வார்த்தை எத்தினி தடவ கேட்டு இருப்பேன்." அவ்ளோதான் சொன்னார். ஸ்ட்ரைக்கர எடுத்து தாதா பக்கம் தள்ளிட்டார், ஆடுங்கன்னு.

மூணு மாசம் தெனம் சாயந்திரம் ஆட்டம். ஆஸ்பத்திரி போய்ட்டு வந்து, அந்தம்மாவுக்கு கஞ்சி குடுத்துட்டு, ஏழு மணிக்கு எறங்கி வருவார். ஆர்ட்டிஸ்டும் வருவார், ரெண்டு கேமுன்னு சொன்னவர், டெய்லி. ஆசாரி அண்ணா ஒரு நாள் வந்து மூலைய எல்லாம் நகத்தால தடவி பாத்துட்டு "பரவால்ல"ன்னார். ஐப்பசி மழையில கட்டை ஊதி மூலை வெளிப்பக்கம் லேசா வாய தொறந்துச்சி, வெயில் வந்தா இது உள்பக்கமா தொறக்கும், அங்க பாக்கெட்டு இருக்கறதால கேமுக்கு ஒன்னும் ஆவாதுன்னு அவர்தான் சொன்னார். ஆனா அந்த செத்த எடம் இருக்கே, அதுதான் கேமே ஆயிடுச்சி. நைனா காயின வேணும்னே அப்படி வுட்டுட்டு வருவார், எதிர்ல இருக்கறவன் எடுக்கணும்னா அந்த எடத்துல ரீபவுண்டு அடிச்சே ஆவணும்ங்கற மாதிரி. தாதாவும் சும்மா இல்ல. பத்தே நாள்ல எவ்ளோ பலமா அடிச்சா அந்த எடம் எவ்ளோ திருப்பி குடுக்கும்னு கணக்கு போட்டுட்டார், மெதுவா போய் பட்டு மெதுவா உருள்ற மாதிரி வர்ற ஒரு ஷாட்டு, வேற எந்த போர்டுலயும் அடிக்க முடியாத ஷாட்டு அது. அதுல ஒரு நாள் செவப்ப போட்டார், அதுக்கு அப்பால போட வேண்டிய ஃபாலோ காயினையும் போட்டார். நைனா எழுந்து கை குடுத்தார்.

அந்தம்மாவுக்கு ஒடம்பு தேறி, காட்பாடியில அவங்கள ஹவுரா வண்டி ஏத்தி வுட்டு வந்தது கார்த்திகையில. போன ஞாயித்துக்கெழம நான் உளிய தீட்டி எடுத்துகினு வந்தேன், அந்த அடைச்சத நோண்டி எடுத்துட்டு, வேப்பங்கட்டையிலயே ஒரு ஆப்பு சீவி அடிச்சி ஒட்டிடலாம், ஆசாரி அண்ணா வழி சொல்லி குடுத்துட்டார், அரை நாள் வேலைதான்னு. நைனா பேப்பர் படிச்சிகினு இருந்தார்.

"இன்னா பண்ற?"

"அந்த எடத்த சரி பண்ணிடறேன் நைனா."

"வை அத." பேப்பர்ல இருந்து கண்ண எடுக்கல. "ஆறு மாசம் கழிச்சி செக்கப்புக்கு வர சொல்லி கீறாங்க. வந்து தேடுவார்."